சொட்டாத கூரை

இத்தாலியின் பொம்பெய் நகரில், பொதுச் சதுக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு குளியல் கூடம் இருக்கிறது. கி.மு. 80ஐ ஒட்டிக் கட்டியது. அதன் வெந்நீர் அறைக்குள் நுழைந்தால் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். வளைந்த கூரை முழுக்கச் சுதையில் வரி வரியாகப் பள்ளம் இழுத்திருக்கிறார்கள், புடவைக் கொசுவத்தை விரித்துவைத்த மாதிரி. அழகுக்காகச் செய்தது என்றுதான் தோன்றும். அழகுதான், ஆனால் அதற்கு வேலையும் உண்டு. அறையில் எந்நேரமும் நீராவி. கூரையில் பட்டுக் குளிர்ந்த ஆவி துளியாகும். கூரை மட்டமாக இருந்தால் துளி அங்கேயே கனத்து, கீழே இருப்பவர் மேல் சொட்டும். இந்தப் பள்ளங்களோ வளைவின் வாட்டத்திலேயே அதைச் சுவர்வரை இறக்கிவிடுகின்றன. சூட்டில் சுகமாக உட்கார்ந்திருப்பவரின் வெற்று முதுகில் சில்லென்று ஒரு சொட்டு விழக் கூடாது என்று யாரோ ஒரு கொத்தனார் யோசித்திருக்கிறார்! ரோமானியர் கட்டுமானம் என்றால் வளைவு வளைவாக நிற்கும் நீர்ப் பாலங்களைத்தான் எல்லோரும் சொல்வார்கள். என் ஓட்டு இந்த வரிப் பள்ளத்துக்கு.

சூடு வந்த வழி பலருக்கும் தெரிந்ததுதான்: குட்டைச் செங்கல் தூண்கள் மேல் தரை, அடியில் உலையின் அனல், அது மேலேறச் சுவருக்குள்ளும் இடைவெளி.

அறையின் ஒரு கோடியில், அரைவட்ட மாடத்தில், பெரிய பளிங்குத் தொட்டி. இறங்கிக் குளிக்க அல்ல. நடுவில் எழும் நீரை அள்ளி முகத்திலும் தோளிலும் தெளித்துக்கொள்ள. விளிம்பைச் சுற்றி வெண்கல எழுத்துகள். கி.பி. 1ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர்ப் பணத்தில் அதைச் செய்வித்த அதிகாரிகள் மெலிசேயுஸ் அப்பெர், ஸ்தாயுஸ் ரூஃபுஸ் இருவரின் பெயரும் உண்டு. ஆன செலவும் உண்டு: 5,250 செஸ்டர்ஸ் நாணயங்கள். தண்ணீர் அள்ளக் குனிகிறவர் கண்ணெதிரே வரவு செலவு!

பக்கத்து இளஞ்சூட்டு அறைக்குத் தரையடி அனல் இல்லை. பெரிய வெண்கலக் கணப்பு ஒன்றுதான். கொடுத்தவர் நிகிதியுஸ் வாக்குலா. லத்தீனில் அவர் பெயருக்குள் ஒரு சின்னப் பசு ஒளிந்திருப்பதால் கணப்பில் ஒரு பசு உருவம். அவர் கொடுத்த வெண்கல இருக்கைகளிலும் பசுத் தலை. கால்கள் குளம்பில் முடிகின்றன. தன் செலவில் செய்தது என்று எழுத்திலும் பொறித்திருக்கிறார். அது எல்லாக் கொடையாளிகளும் செய்வது. இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக இருக்கும் குளம்பைக்கூட விடாமல் வார்க்கச் சொன்னாரே, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. உடம்பு சூடேறும்வரை அங்கே சும்மா உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பார்க்க நிறைய நேரம் இருந்தது.