பெட்டி சிறிது, பெயர் நீளம்: ஓர் அக்சஸ் படிவம் பற்றிய விமர்சனம்



மலாக்காவில் நம் ஆசிரியர்களிடையே கைமாறி வரும் ஒரு மாணவர் பதிவுப் படிவத்தை அண்மையில் திறந்து பார்த்தேன். மைக்ரோசாப்ட் அக்சஸில் செய்தது. உழைப்பைக் குறை சொல்ல முடியாது. அடையாள அட்டை எண்ணை எழுத்து வகையாக வைத்திருப்பது மிகச் சரி. 2000 முதல் 2009 வரை பிறந்தவர்களின் எண் 0-வில் தொடங்கும். எண் வகையாக வைத்திருந்தால் அந்த 0 காணாமல் போயிருக்கும்.

ஆனால் படிவத்தின் அமைப்பு நான்கு இடங்களில் இடறுகிறது. அவற்றில் மூன்று, தரவையே கெடுத்துவிடும்.

முதலாவது, பெயர்ப் பெட்டி. சுமார் 20 எழுத்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. நம் பிள்ளைகளின் பெயரோ, அப்பா பெயரும் நடுவில் 'ஏ/எல்', 'ஏ/பி'யும் சேர்ந்து 30-ஐ எளிதில் தாண்டும். மீதி எழுத்து அழிவதில்லை, மறைந்துதான் இருக்கிறது. ஆனால் பதிபவர் என்ன செய்கிறார்? "இடம் பத்தலையே"ன்னு அப்பா பெயரைத் தானே சுருக்கிவிடுகிறார். அந்தப் பெயர்தான் நாளை நற்சான்றிதழில் அச்சாகும். 'கேன் குரோ'வை 'யெஸ்' என்று மாற்றினால் போதும் என்பார்கள். போதாது. அது அச்சிடும்போதுதான் வேலை செய்யும். திரையில் பெட்டி வளராது. லேஅவுட் வியூவில் திறந்தால் உண்மையான தரவு தெரியும். உங்கள் பட்டியலில் ஆக நீளமான பெயரை அங்கே நிறுத்தி, அது முழுதாகத் தெரியும்வரை பெட்டியை இழுங்கள்.

இரண்டாவது, பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். பாதிப் பெயர்கள் 'எஸ்.ஜே.கே.(தி) லாடாங்' என்றே தொடங்குகின்றன. பட்டியலின் அகலம் அதோடு முடிந்துவிடுவதால் புக்கிட் ஆசாஹான், தெபோங், ஜாசின் லாலாங் மூன்றும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அவசரத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளை இன்னொரு தோட்டத்துக்குப் போய்விடும். பிராப்பர்ட்டி ஷீட்டில் 'காலம் விட்த்ஸ்', 'லிஸ்ட் விட்த்' இரண்டையும் கூட்டுங்கள். மூடியிருக்கும் பெட்டி சிறிதாக இருந்தாலும் விரியும் பட்டியல் அகலமாக இருக்கலாம்.

மூன்றாவது, 'அடுத்த மாணவர்' பொத்தான். பெரிய திரையில் செய்த படிவம் இது. 1366 x 768 திரையுள்ள மடிக்கணினியில் திறந்தால் பொத்தான் கீழே மறைந்துவிடுகிறது. அதைக் காணாதவர் பழைய பெயரை அழித்துவிட்டு அதே இடத்தில் அடுத்த பிள்ளையை எழுதுவார். அக்சஸ் கேட்காமலே சேமித்துவிடும். முதல் பிள்ளை போயாச்சு! பொத்தானைப் படிவத் தலைப்பகுதிக்கு மாற்றுங்கள். கீழே உருட்டினாலும் அது நகராது.

நான்காவது, தமிழ்த் தலைப்புகள். ஆங்கில எழுத்துக்கு அளவெடுத்த பெட்டியில் 'கு', 'ழு' போன்றவற்றின் அடிப்பகுதி வெட்டுப்படுகிறது. லதா அல்லது நிர்மலா யூஐ என ஏதாவது ஒரு தமிழ் எழுத்துருவை எல்லாத் தலைப்புக்கும் கொடுத்துவிட்டு, 'சைஸ்' பகுதியில் 'டு ஃபிட்' அழுத்துங்கள்.

படிவம் 4 கணினி அறிவியல் மாணவர்களே, மனிதன்-கணினி இடைத்தொடர்பு பற்றிப் படிக்கிறீர்கள் அல்லவா? விடைத்தாளில் கொள்கையின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீங்க. பொத்தான் மறைந்ததால் ஒரு பதிவு அழிந்தது என்று காரணமும் விளைவும் சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தை அடுத்தவருக்கு அனுப்புமுன் ஆக நீளமான பெயர், ஆக நீளமான பள்ளிப் பெயர், ஆகச் சிறிய திரை ஆகிய மூன்றையும் வைத்து ஒருமுறை சோதித்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். சான்றிதழில் தவறான பெயரைத் திருத்தப் பெற்றோர் ஒருநாள் சம்பளத்தை விட்டு அலைய வேண்டியிருக்காது.