கண்டிப் பாட்டின் பிறப்பிடம்

சென்ற ஆண்டு நாம் வாழும் நகரில் நடந்த தமிழ் விழா ஒன்றில், எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப்பாவாடையுடன் மேடையேறித் தெம்மாங்கு ஒன்று பாடினாள். குரலோ தேன், கைதட்டலுக்கும் குறைவில்லை. அறிமுகம் செய்த அன்பர், குறிஞ்சித் திணையின் வழிவந்த காதற்பாட்டு இது என்றார். ஆனால், 'கங்காணி' என வரவேண்டிய இடத்தில் 'கண்ணாளன்' வந்தான். கண்டிச் சீமை 'காட்டுச் சீமை' ஆகியிருந்தது. அப்பாட்டை அதற்கு முன்பே மாட்டுப்பட்டியில் கேட்டிருந்த நமக்கு உள்ளம் உறுத்திற்று.

மாட்டுப்பட்டி மூணாற்றிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் தொலைவிலுள்ள மலையூர். 1963இல் தொடங்கிய இந்திய–சுவிஸ் கால்நடைத் திட்டத்தால் இப்பெயர் வந்தது என்று சுற்றுலாவினர்க்குச் சொல்வோர் உளர். 1953இல் முடிந்த அணைக்கே இப்பெயர் இருந்ததை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. மாடுகளை அடைக்கும் பட்டி எனத் தமிழ்ச் சொல்லே பொருள் கூறி நிற்க, கதை எதற்கு? பாட்டின் பிறப்பைத் தேடுவோர்க்கும் இவ்வூர்ப் பெயர் ஓர் எச்சரிக்கை.

நமக்கு அப்பாட்டைப் பாடிக் காட்டியவர் எண்பதை எட்டிய மூதாட்டி. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்பது தோட்டத்து முறை. மகள் வேலையில் இருப்பதால் அவள் லயத்தில் இவர் தங்கியிருந்தார். பாட்டின் பொருள் இது: கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கண்டிக்குப் போன அண்ணன் திரும்பவில்லை, அவன் பட்ட கடன் மட்டும் வீடு தேடி வந்தது. கோப்பித் தோட்டம் பேசப்படுகிறது. தேயிலை என்ற சொல் ஓரிடத்தும் இல்லை.

"பாட்டி, உங்கள் குடும்பத்தில் யாராவது கண்டிக்குப் போனதுண்டா?" என்று கேட்டோம்.

"எங்க சனத்துல ஒருத்தரும் கப்பலேறல தம்பி. எங்க அப்பாத்தா கோவில்பட்டிப் பக்கமிருந்து இங்கதான் நடந்து வந்துச்சு. அது பாடும், நானும் பாடுவேன்" என்றார்.

கண்டியையே காணாத குடும்பத்தில் கண்டிப் பாட்டு எவ்வாறு வந்தது? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர் கொண்டு வந்திருக்கலாம் என்று நண்பர் ஒருவர் கூறினார். பொருந்தாது, மூதாட்டி இதைப் பத்து வயதில், ஒப்பந்தத்துக்கு நெடுநாள் முன்பே கற்றவர். கோப்பி என்ற சொல்லும் பழமைக்குச் சான்று. இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் 1869இல் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அப்பயிரையே வீழ்த்திற்று. பின்னரே தேயிலை எங்கும் பரவியது. மூணாற்று மலைகளில் கண்ணன் தேவன் குழுமம் அமைந்ததோ 1897இல். ஆகவே மாட்டுப்பட்டித் தேயிலைக்கு மூத்தது இப்பாட்டு எனல் தகும். (சொல் மட்டும் பழமையாக நின்று, பாட்டுப் பிற்காலத்ததாய் இருத்தலும் கூடும், அதனால் ஆண்டு குறிக்கத் துணியோம்.)

பாடுபவள் யார் என்பதையும் நோக்க வேண்டும். அவள் மலையேறியவள் அல்லள், ஊரில் தங்கியவள். சி. வி. வேலுப்பிள்ளை தம் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' நூலில் காத்து வைத்தவை தோட்டத்தில் உழைத்தோர் வாய்மொழிகள். இதுவோ புறப்பட்டவனை எதிர்பார்த்த வீட்டின் பாட்டு. ஆள் திரட்டிய கங்காணிகள் நெல்லை, மதுரை, முகவைச் சீமைகளில்தான் கண்டிக்கும் ஆள் பிடித்தனர். மூணாற்றுக்கும் ஆள் பிடித்தனர். அண்ணன் கடல் தாண்டினான். பின்னொரு நாள் அவ்வூர்ப் பெண்ணொருத்தி போடி வழியே மேற்குமலை ஏறினாள், பாட்டும் உடன் ஏறிற்று. இப்பாட்டு பிறந்த இடம் கண்டியுமன்று, மாட்டுப்பட்டியுமன்று; கரிசற்காட்டு வாசற்படியே என்பது நம் கருத்து.

இங்கே ஆங்கில நாட்டுப்பாடல் ஒன்று நினைவுக்கு வருகிறது. 'ஸ்கார்பரோச் சந்தை' என்னும் அப்பாட்டை 1966இல் அமெரிக்கப் பாடகர் இருவர் இசைத்தட்டாக்கி உலகறியச் செய்தனர். 1253இல் அரசுரிமை பெற்ற ஸ்கார்பரோச் சந்தையில் பிறந்தது என்றும், அதில் வரும் மூலிகைகள் கொள்ளைநோய்க்கு மருந்து என்றும் விளக்கம் கூறுவர். ஆயின் 1670ஐ ஒட்டி அச்சான அதன் பழைய வடிவத்தில் சந்தையுமில்லை, மூலிகையுமில்லை. ஒரு மாய வீரனும் ஒரு பெண்ணும் செய்யவொண்ணாத பணிகளை ஒருவருக்கொருவர் விதிக்கும் வழக்காடலே உண்டு. நார்தம்பர்லாந்தில் அதே பாட்டு விட்டிங்காம் சந்தைக்குப் போகிறது. ஊர்ப்பெயர் பாடுவோர்க்கேற்ப மாறிற்று. நடவாததைக் கேட்கும் அந்த வழக்கு மாறவில்லை.

நம் பாட்டிலோ நிலைமை தலைகீழ். ஊர்ப்பெயர் நின்றுவிட்டது, பொருள் இடம் பெயர்ந்தது. "கண்டின்னா எது பாட்டி?" என்றோம். அவர் சரிவைக் காட்டி, "இதுதான். கடன வாங்கிட்டு ஏறுற மலையெல்லாம் கண்டிதான்" என்றார். எந்த அகராதியும் இப்பொருளைத் தாராது.

இத்தகைய பொருளைக் கழுவித் துடைக்கும் பழக்கம் நமக்குப் புதிதன்று. 1871இல் தென்னிந்திய நாட்டுப்பாடல்களை ஆங்கிலத்தில் வெளியிட்ட கோவர், திருக்குறளையும் சிவவாக்கியரையும் அவற்றோடு சேர்த்தார்; நீதியும் பக்தியும் மிகுந்தன, வயலும் வசையும் குறைந்தன. பின்வந்த பெர்சி மெக்குவின் எனும் ஆங்கில அதிகாரி உழைப்போர் பாட்டைத் தேடித் தொகுத்தார், அத்தொகுப்பைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி' எனப் பதிப்பித்துத் தஞ்சை சரசுவதி மகால் 1958இல் வெளியிட்டது. நா. வானமாமலை இன்னும் மேலே சென்று, பாட்டுக்குள் கூலியும் கடனும் கிடப்பதை எடுத்துக் காட்டினார். அவர்கள் பாடுபட்டுத் திறந்த கதவை நம் விழாக் குழுவினர் 'கண்ணாளன்' என்ற ஒரு சொல்லால் சாத்திவிடுகின்றனர்.

அவர்களுக்குத் தீய எண்ணம் இல்லை. குழந்தை வாயில் கங்காணியும் கடனும் எதற்கு என்பது அவர்கள் நினைப்பு. நம்மிற் பலர் வீட்டிலும் கண்டிக்கோ பினாங்குக்கோ போனவர் உண்டு. அவரைப் பற்றிப் பேசுவது கௌரவக் குறைவு என்று கருதுகிறோமோ என்னும் ஐயம் நமக்கு உண்டு. நம் பாட்டனாரின் தமையன் ஒருவர் பெயர், குடும்ப மரத்தில் ஆண்டுகள் இன்றி நிற்கிறது. அவர் எங்கே போனார் என்று நாமும் கேட்டதில்லை.

வரும் பொங்கல் விழாவுக்கு அச்சிறுமி மீண்டும் பாடப் போகிறாளாம். மூதாட்டி பாடியவாறே சொற்களை எழுதி அவள் தாயாரிடம் கொடுத்திருக்கிறோம். "கங்காணி என்றால் யார், மாமா?" என்று அவள் கேட்டாள். சொல்லத் தொடங்கினோம், அரைமணி நேரமாயிற்று.