படிவத்தில் நான் எழுதிய பொய்

கரோலின் கிரியாடோ பெரெஸ் எழுதிய 'இன்விசிபிள் விமென்' (2019) நூலை இரண்டு முறை வாசித்திருக்கிறேன். முதல் முறை பல்கலைக்கழகம் முடித்த கையோடு. பக்கத்துக்குப் பக்கம் தலையாட்டினேன். இரண்டாம் முறை, ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பொறியாளராக நான்கு ஆண்டுகள் ஓடிய பிறகு. இந்த முறை ஓர் இடத்தில் தலை ஆடவில்லை.

நூலின் வாதம் எளிது. ஆணின் உடலைத்தான் மனித உடல் என்று எடுத்துக்கொண்டு உலகத்தை வடிவமைக்கிறார்கள். பெண்களைப் பற்றிய தரவுகள் சேகரிக்கப்படுவதில்லை. அந்த இடைவெளி பெண்களைக் காயப்படுத்துகிறது, சில நேரம் கொல்கிறது. இதற்கு அவர் தரும் உதாரணங்களில் ஒன்று 1997இல் பிரிட்டனில் நடந்தது. கதவை உடைக்கும் கருவியை இயக்க இடைஞ்சலாக இருந்ததால் ஒரு பெண் போலீஸ் தன் கவச உடையைக் கழற்றி வைத்தார். உள்ளே போனவர் குத்திக் கொல்லப்பட்டார்.

வாசித்ததும் என் கவரால் ஞாபகம் வந்தது. சட்டையும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்த, எளிதில் தீப்பிடிக்காத துணியாலான வேலை உடை. எனக்குக் கிடைத்தது எக்ஸ்எல். மார்புக்கு மேல் சிப் ஏறாது. ஏணியில் கால் தூக்கினால் தொடையில் இழுக்கும். பாதி சிப்பைத் திறந்துவிட்டுத்தான் வேலை பார்த்தேன். திறந்து கிடக்கும் உடை தீயைத் தடுக்காது என்று புதியவர்களுக்குப் பாடம் எடுப்பதும் நான்தான்.

இதுவரை நூல் சொல்வது சரி. ஆனால் எக்ஸ்எல் என்று முடிவு செய்தது யார்?

வேலையில் சேர்ந்த வாரம் ஒரு படிவம் மேசை மேசையாகச் சுற்றி வந்தது. பெயர், பக்கத்தில் சைஸ். எனக்கு மேலே எல்லாம் ஆண்கள். எம், எல், எல், எம். கட்டங்கள் டபுள் எக்ஸ்எல்லோடு முடிந்திருந்தன. எனக்கு வேண்டியது த்ரீ எக்ஸ்எல். அடுத்து எழுதப்போகிறவர் பார்ப்பாரே என்று எக்ஸ்எல்லை டிக் செய்து தள்ளிவிட்டேன். உடையை எடுத்துக் கொடுத்த ஸ்டோர் அங்கிள் என்னை ஒரு தடவை பார்த்தார்.

"பத்துமாம்மா? பெருசா வேணும்னா சொல்லு, தனியா ஆர்டர் போட்ரலாம்."

"பத்தும் அங்கிள்."

நூல் இங்கேதான் எனக்குப் போதவில்லை. அதில் தரவு இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் கேட்காதவர்களே காரணம். என்னிடம் கேட்டார்கள். நான் பொய் சொன்னேன். வெட்கமும் தரவை அழிக்கும் என்பதற்கு அந்தத் தடித்த புத்தகத்தில் போதிய இடமில்லை. அதோடு, அவர் கேட்கும் பெண்களுக்கான உடை நாளைக்கே வந்தாலும், அதுவும் எக்ஸ்எல்லோடு நின்றுவிட்டால் நான் பழைய இடத்தில்தான் நிற்பேன்.

என் பொய்யை உடைத்தது உடை இல்லை, ஹார்னஸ். உயரத்தில் வேலை செய்யும்போது கட்டிக்கொள்ளும் வார்ப்பட்டை. ஐரோப்பிய ஈஎன் 361 தரத்தில் ஹார்னஸைச் சோதிக்க விழவிடும் பொம்மையின் எடை 100 கிலோ. எங்கள் ஸ்டோரில் இருந்தவற்றின் சீட்டிலும் அதிகபட்சம் 100 கிலோ என்றுதான் போட்டிருந்தது. அப்போது என் எடை 112. ஒரு நாள் அதைக் கட்டிக்கொண்டு ஏணி அடியில் நின்றேன். கவராலில் பொய் சொன்னால் தொடை இழுக்கும். இதில் சொன்னால்? கழற்றிவிட்டு மேற்பார்வையாளரிடம் போய் எண்ணைச் சொன்னேன். வாய் உலர்ந்துவிட்டது. அவர் "ஓ, ஓகே" என்றார். அவ்வளவுதான். 140 கிலோ வரைக்குமான ஹார்னஸ் சந்தையில் தாராளமாகக் கிடைக்கிறது. இரண்டு வாரத்தில் வந்தது. அதே வாரம் ஸ்டோருக்குப் போய் த்ரீ எக்ஸ்எல்லும் கேட்டேன்.

இதனால் பழி முழுக்க என்னுடையது என்று ஆகாது. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்புக்காகக் கொடுப்பதற்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 26ஆம் பிரிவில் சொல்கிறது. காசு வாங்கவில்லை. வெட்கத்தைத்தான் வாங்கினார்கள். பாதுகாப்பு உடைக்கான ஐஎஸ்ஓ 13688 தரம் அளவை உடலின் சென்டிமீட்டர் கணக்கில் குறிக்கச் சொல்கிறது. படிவமும் அப்படியே உயரம், மார்பு, இடுப்பு என்று தனித்தனியாக, மூடிய உறையில் கேட்டிருக்கலாம்.

இவ்வளவு சொன்ன பிறகும் நூலை வாசிக்கச் சொல்வேன். என் உடம்பில் தப்பில்லை, துணியில்தான் தப்பு என்று முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான். அதை நம்ப எனக்கு நான்கு வருடம் ஆனது.