சேற்றுக்குக் கட்டணம்: சென்ற இதழ்க் கட்டுரை குறித்து

சென்ற இதழில் நாலுசில்லு இழுவை வாகன விளையாட்டைப் பற்றி வெளிவந்த கட்டுரையின் கோபம் எனக்கு விளங்குகிறது. குண்டும் குழியுமான பாதைகளால் ஓடிவந்த சனங்கள் நாங்கள். நல்ல றோட்டுள்ள நாட்டில் காசு கட்டிச் சேற்றுக்குள் வாகனம் இறக்குபவனைக் கண்டால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் கோபம் மட்டும் விமர்சனமாகிவிடாது. கட்டுரையாளர் வேலிபோட்ட பூங்காவையும் திறந்த மலைப்பாதையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறார். எனது முரண்பாடு அங்கேதான் தொடங்குகிறது.

ஜேர்மனியில் 1975ஆம் ஆண்டின் காட்டுச் சட்டம் எவரும் காட்டுக்குள் நடந்து உலாவ உரிமை தருகிறது. வாகனத்துக்கு அந்த உரிமை இல்லை. ஆகவே இந்த விளையாட்டுக்காரர்கள் கைவிடப்பட்ட இடங்களைத் தேடிப்போனார்கள். பயேர்ன் மாநிலத்து லங்கனால்ட்ஹைம் பூங்கா ஒரு பழைய கல்லுடைக்கும் குழி. ஃபூர்ஸ்டனௌவில் உள்ளது முன்னாள் இராணுவப் பயிற்சித்திடல். ஊரில் புவியியல் படிப்பித்தவன் என்ற முறையில் சொல்வதானால், மேல்மண்ணைக் கல் கொம்பனி எப்போதோ அள்ளி முடித்த நிலம் அது. அங்கே கெடுப்பதற்கு மிச்சம் அதிகமில்லை.

கட்டுரையாளர் அறிந்திருக்க வேண்டிய இன்னொரு சங்கதி உண்டு. இங்கே மஞ்சள் வயிற்றுத் தேரை என்றொரு சிறு பிராணி இருக்கிறது. மீனில்லாத, வெயிலில் சூடேறும் ஆழமற்ற குட்டையில்தான் அது முட்டையிடும். முன்னர் ஆறுகள் பெருக்கெடுத்து இத்தகைய குட்டைகளை ஆண்டுதோறும் புதிதாக உண்டாக்கின. ஆறுகளை நேராக்கிக் கரைகட்டிய பின் அந்தத் தேரை கல்லுக்குழிகளிலும், டாங்கிகள் உழுத திடல்களிலும், சில்லுத் தடங்களில் தேங்கும் தண்ணீரிலும் வந்து குடியேறிவிட்டது. குட்டையில் புல்பூண்டு மூடினால் அது போய்விடும். தடம் திரும்பத் திரும்பக் கிளறப்பட வேண்டும். அதேவேளை முட்டையிடும் காலத்தில் அதே சில்லு முட்டைகளை நசுக்கும். எந்த மாதம் எந்தக் குட்டையை அடைப்பது என்பதே இங்கு உருப்படியான விவாதம். “இயற்கை அழிப்பு” என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போக முடியாது.

இது மூளையற்ற பணக்கார விளையாட்டு என்பது அவரது அடுத்த குற்றச்சாட்டு. நான் அச்சுத்தண்டுப் பற்சில்லு கடையும் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் நிற்பவன். சாதாரண வாகனத்தில் ஒரு சில்லு சேற்றில் வழுக்கினால் இழுவை முழுவதும் அந்தச் சில்லை வீணாகச் சுற்றுவதிலேயே போய்விடும். டிபரன்சியலைப் பூட்டினால் அச்சின் இரு சில்லுகளும் சேர்ந்து சுற்றும். ரயரின் காற்றைக் குறைத்தால் அது விரிந்து நிலத்தைப் பிடிக்கும். பிறகு தாழ்ந்த கியரில், நடைவேகத்தில், எந்தக் கல்லில் எந்தச் சில்லை ஏற்றுவது என்று கணக்குப் பார்த்துப் போகவேண்டும். அவசரக்காரனுக்கு அங்கே இடமில்லை. எனக்குப் பக்கத்து மெசினில் நிற்பவனும் விடுமுறையில் தன் பழைய வண்டியை அங்கே கொண்டுபோகிறவன்தான். அவனும் என்னைப்போலக் கூலிக்காரன்.

கோபப்படுவதானால் அட்லாண்டிக்குக்கு அப்பால் பார்க்கவேண்டும். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் என்றொரு சிற்றூர். 1967 தொடக்கம் ஈஸ்டர் காலத்தில் ஜீப் பயணம் நடக்கும் ஊர் அது. அங்கு ஓட்டுபவர்கள் “மனிதக் கை படாத வனாந்தரம்” என்று பரவசப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் ஓட்டும் பாதைகளில் கணிசமானவை யுரேனியம் தேடியவர்கள் வெட்டியவை. 1952இல் சார்லி ஸ்டீன் பெரிய படிவமொன்றைக் கண்டுபிடித்ததும் அணுகுண்டுக்கான கனியத்துக்காக மலையெல்லாம் புல்டோசர் ஏறியது. சுரங்கத் தொழிலாளர்கள் நுரையீரல் புற்றுநோயால் செத்தார்கள். நட்டஈட்டுச் சட்டம் 1990இல்தான் வந்தது. கொலராடோ ஆற்றங்கரையில் குவிந்துகிடந்த ஏறத்தாழ 1 கோடி 60 இலட்சம் தொன் கழிவை ரயிலில் ஏற்றி அகற்றும் வேலை 2009இல் தொடங்கியது. அதற்கெல்லாம் முன்னரே அது யூட் மக்களின் நிலம். ஆளில்லா நிலம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். எங்களுடைய காடுகளுக்கும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு.

மண்ணும் அங்கே வேறு. பாலைமணலின் மேல் நுண்ணுயிர்கள் கருநிறப் பொருக்காகப் படர்ந்து, மணலைக் காற்று அள்ளாமல் கட்டிவைத்திருக்கின்றன. ஒரு சில்லு ஒருமுறை ஏறினால் அது தேறப் பல பத்தாண்டுகள் செல்லும். 2023இல் அரச நில நிர்வாகம் லாபிரிந்த் பள்ளத்தாக்குப் பகுதியில் 317 மைல் பாதைகளை மூடத் தீர்மானித்தது. வாகனக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கலிபோர்ணியாவின் றுபிக்கன் பாதையில், 1953இலிருந்து கூட்டமாக ஜீப் ஓடுகிறது. வண்டலும் எண்ணெயும் மனிதக் கழிவும் நீரைக் கெடுப்பதாக 2009இல் நீர்வாரியம் துப்புரவாக்கும்படி உத்தரவிட வேண்டிவந்தது. சுதந்திரம் பேசுகிறவர்கள் தங்கள் மலத்தைத் தாங்களே அள்ளுவதிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

இறுதியாக, ஜீப் போர் வாகனம், எங்கள் சந்திகளில் அது எதற்காக நின்றது என்பதை மறந்து எமது பெடியள் அதை வாங்குவது துரோகம் என்கிறார் கட்டுரையாளர். இரண்டாம் உலகப்போருக்காக ஆறு இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டியின் வம்சம்தான் இவையெல்லாம், உண்மை. அந்தச் சத்தத்துக்கு எனக்கும் இன்றுவரை நெஞ்சு இடிக்கும். ஆனால் இங்கே பிறந்த பிள்ளையின் மேல் என் நெஞ்சிடியைச் சட்டமாக்க எனக்கு உரிமையில்லை. கடன்பட்டு வாங்காதே என்று வேண்டுமானால் சொல்லலாம். அது வேறு கதை.

கட்டுரையாளர் அடுத்த இதழில் பதில் எழுதுவாரென நம்புகிறேன். பூங்காக்களை இழுத்துமூட வேண்டும் என்று முடித்திருக்கிறார். மூடினால் இந்த வண்டிகள் எந்த நிலத்தில் ஏறும் என்பதையும் சேர்த்து எழுதட்டும்.