ஏணிப் படம் போதுமா?

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. அதை நேர்கோடாக வரைந்து காட்டினால் எந்த ஓட்டுநர் ஏற்பார்? டி.என்.ஏ.வைப் பற்றிய நம் நூல்கள் பலவும் அத்தகைய படத்தோடு நின்றுவிடுகின்றன. 1953-இல் வாட்சனும் கிரிக்கும் கூறிய முறுக்கேணி தவறன்று, ஆனால் போதாது.

உயிரணுவின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவைப் பாருங்கள். மனிதனில் அதன் வட்ட டி.என்.ஏ.வுக்கு 16,569 படிகள். அது இரட்டிப்பாகும்போது, பிரிந்த ஓர் இழை ஓரிடத்தில் தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசியாகிறது. அந்த வளைவிலிருந்துதான் எதிரிழையைக் கட்டும் வேலை தொடங்குகிறது.

வேறோரிடத்தில், படியெடுக்கப்படும் ஆர்.என்.ஏ.வின் குவானின்கள் நான்கு நான்காகச் சேர்ந்து முடிச்சிடுகின்றன. படியெடுப்பு அங்கே நின்றுவிட, நின்ற துண்டே இரட்டிப்புக்கு அடியெடுத்துக் கொடுக்கிறது. இம்முடிச்சின் பங்கை 2010-இல் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டினர். இத்தகைய முடிச்சு டி.என்.ஏ. முறியும் இடமாகவும் அமையலாம் என்று 2022-இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் கண்டனர்.

ஆக, எழுத்துகளின் வரிசை மட்டுமன்று, மடிப்பும் ஒரு கட்டளையே. ஏணியோடு நிற்கும் நூல், 'எங்கே தொடங்கும், எங்கே நிற்கும்?' என்று கேட்கும் மாணவருக்கு விடை தராது. நூலாசிரியர்கள் ஏணியின் அருகே ஒரு வளைவையும் வரையட்டும். வரையாவிட்டால், மாணவ நண்பர்களே, நீங்கள் கேளுங்கள்!