மருந்தளவு கைப்பேசியில், எடை யார் கையில்?

எம்.எஸ்.டி. கால்நடை மருத்துவக் கையேட்டைக் கைப்பேசியில் ஏற்றி வைத்துப் பல வாரமாகப் புரட்டுகிறேன். மெர்க் என்ற பெயரில் 1955-இல் அமெரிக்காவில் புத்தகமாக வந்தது. இன்று செயலியாகவும் இணையத்திலும் இலவசம். மருந்தின் பெயரை வைத்தே தேடிப் பழகியவர்கள், டொனால்டு ப்ளம்ப் 1991-இல் தொடங்கிய மருந்துக் கையேட்டைச் சந்தா கட்டி வைத்திருப்பார்கள். எம்.எஸ்.டி. நோய்வாரியாகப் போகும். பிள்ளையார்பட்டி, குன்றக்குடி பக்கத்து வண்டிப் பந்தயக் குதிரைகளுக்கு இது உதவுமா என்பதுதான் என் கேள்வி.

உதவுகிறது. குதிரையை மாட்டின் தம்பியாக இது நினைப்பதில்லை. இங்குள்ள கால்நடை மருத்துவர்கள் நாங்கள் அன்றாடம் பார்ப்பது மாடும் ஆடும். கை பழகிய மருந்துப் பெட்டியும் அவற்றுக்கானதே. மாட்டுத் தீவனத்தில் கலக்கும் மோனென்சின் மாட்டைக் கொல்ல, உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 80 மில்லிகிராம் வேண்டும். குதிரைக்கு இரண்டு, மூன்றே போதும். மாட்டுக்குத் தோலடியில் போடும் ஐவர்மெக்டினைக் குதிரைக்கு வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும், கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். குதிரைக்கு லின்கோமைசினை வாயில் கொடுத்தால் பெருங்குடல் அழன்று உயிரே போகலாம். "மாட்டுக்குப் போடுறதையே போட்டு விடுங்க டாக்டர்" என்று வண்டிச் சாரதி அவசரப்படுத்தும்போது, திரையைக் காட்டி "வேண்டாம்ணே" என்று சொல்ல முடிகிறது.

ஆனால் எந்த மருந்துக் கையேடும் "கிலோவுக்கு இத்தனை" என்பதோடு நின்றுவிடும். எத்தனை கிலோ? இங்கே இருக்கும் எடைமேடை லாரிக்கானது. குதிரைக்காரரைக் கேட்டால் "நானூறு இருக்கும்" என்பார். பந்தயக் குதிரையைக் குறைத்துச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

நாடாவை எடுக்க வேண்டியதுதான். முன்னங்காலை ஒட்டிப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து புட்ட முனை வரை நீளம், இரண்டும் செ.மீ. கணக்கில். சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 152, நீளம் 140 என்றால் 272 கிலோ. வலிக்குப் போடும் ஃப்ளூனிக்சின் கிலோவுக்கு 1.1 மில்லிகிராம். ஒரு மில்லியில் 50 மில்லிகிராம் உள்ள குப்பியில் இந்தக் குதிரைக்கு 6 மில்லி வரும். நானூறை நம்பினால் 8.8 மில்லி, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. ஓடி வியர்த்து நீர் வற்றி நிற்கும் குதிரையின் சிறுநீரகமும் இரைப்பையும்தான் அந்த மிகுதிக்கு விலை கொடுக்கும்.

கணக்கு துல்லியமில்லை. நாடா 5 செ.மீ. தளர்ந்தாலே 18 கிலோ கூடிவிடும். மூச்சை விட்டதும் அளப்பது நல்லது. குட்டிக்கும் சினைக் குதிரைக்கும் இது பொருந்தாது. ஆனாலும் கண்மதிப்பைவிட எவ்வளவோ மேல்.

செயலியைத் தயங்காமல் ஏற்றிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு நாடாவும் வாங்குங்கள். தையல் நாடா 60 அங்குலத்தில் முடிந்துவிடும், பருத்த குதிரைக்கு எட்டாது. நீளமான துணி நாடாவே சரி. இரும்பு நாடா மட்டும் வேண்டாம், அதன் சத்தத்துக்கே குதிரை மிரளும்.