மட்ராஸ் கபே: பேருந்தில் ஒரு பார்வை

கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் இரவுப் பேருந்தில், சூஜித் சர்க்கார் நெறிப்படுத்தி 2013இல் வெளிவந்த இவ்விந்திப் படத்தைக் காண நேர்ந்தது. 1991இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டமையைப் பெயர்களை மாற்றி, ஓர் இந்திய உளவு அதிகாரியின் நினைவாக அது சொல்கிறது. தேசபக்தி முழக்கம் குறைவே. அதனை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குறை வேறிடத்தது. ஜோன் ஏபிரகாம் இந்தியிற் பேச, பத்திரிகையாளராக வரும் நர்கிஸ் பக்ரி ஆங்கிலத்தில் விடையிறுக்கிறார். போர் நடக்கும் மண்ணின் ஒரு குடும்பத்தையேனும் நாம் அறிந்துகொள்வதில்லை. படத்தின் துயரெல்லாம் புதுடில்லியின் துயர். நாயகன் அதனைத் தேவாலயத்திற் பாதிரியாரிடம் இறக்கிவைக்கிறான். 1987 முதல் 1990 வரை இந்தியப் படையோடு வாழ்ந்த எம்மவர்க்கு அத்தகைய செவி எதனையும் படம் வைக்கவில்லை.

குருநாகலைக் கடக்கையிற் படம் முடிந்தது. பக்கத்து இருக்கை முதியவர், "இவனுகள் ஆர்ர வீட்டுக்கும் போகல்ல போல, மனே" என்றுவிட்டுக் கண்ணயர்ந்தார்.